விரலுக்கு அளவெடுத்த பேடில் ஷிஃப்டர்: வடிவமைப்பது எப்படி?

கையால் தைத்த தோல் ஸ்டீயரிங், அசல் மரம் பதித்த டேஷ்போர்டு, தொட்டால் சில்லென்று இருக்கும் உலோகக் கதவுப்பிடி. இவ்வளவும் உள்ள காரில், ஓட்டுபவரின் விரல் அடிக்கடி தொடும் பேடில் (கியர் மாற்ற ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்து இழுக்கும் சிறு தகடு) மட்டும் பல மாடல்களில் சின்ன பிளாஸ்டிக் துண்டாகவே இருக்கிறது. அதை மாற்றத் தோன்றுவது நியாயம்தான். பேடில் வடிவமைத்துத் தருவது என் தொழில். வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி நீளமா, கார்பன்ல வேணும்" என்பார்கள். அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைக்கச் சொல்வேன். பேடிலின் வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டியவை இரண்டு: உங்கள் விரல், பேடிலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சுவிட்ச். இவை இரண்டும் ஒத்துப்போன பிறகு அழகைப் பார்க்கலாம்.

முதலில் உங்கள் காரின் பேடில் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 1989இல் ஜான் பர்னார்டு வடிவமைத்த ஃபெராரி 640 தான் ஃபார்முலா ஒன்னில் பேடிலைக் கொண்டுவந்தது. பிரேசிலில் நடந்த அதன் முதல் பந்தயத்திலேயே நைஜல் மான்செல் ஜெயித்தார். 1997இல் எஃப்355 வழியாக அது சாலைக் காருக்கு இறங்கியது. அந்தக் காரிலும் பின்னால் வந்த பல இத்தாலியக் கார்களிலும் பேடில் ஸ்டீயரிங் காலத்தோடு (சக்கரத்தைத் தாங்கும் தண்டின் சுற்றாத கூடு) நிலையாக நிற்கும். சக்கரம் மட்டும் சுற்றும். பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி போன்றவற்றில் பேடில் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். இனி நான் சொல்வதெல்லாம் இந்தச் சுற்றும் வகைக்கு. மாற்று பேடில் கேட்பவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் இருப்பது அதுதான்.

விரலை அளப்பது

காரை நிறுத்தி, நீங்கள் வழக்கமாக ஓட்டும் நிலையில் சீட்டையும் ஸ்டீயரிங்கையும் வைத்துக்கொள்ளுங்கள். கைகள் கடிகாரத்தில் ஒன்பது, மூன்று இருக்கும் இடங்களில் இருக்கட்டும். பிடியைத் தளர்த்தாமல் நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டுங்கள். விரலின் முதல் மடிப்புக்கு முன்னால் உள்ள சதைப்பகுதி எங்கே விழுகிறதோ, அதுதான் பேடிலின் மையம். தயாரிப்பாளர் வைத்த மையத்திலிருந்து அது தள்ளியிருப்பது சகஜம், குறிப்பாகச் சிறிய கைகளுக்கு.

இப்போது கெட்டி அட்டையை வெட்டி, இருக்கும் பேடிலின் மேல் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி வடிவத்தைத் தேடுங்கள். பிறகு பேடிலின் பின்பக்கம், அதாவது விரல் படும் பக்கம், மெல்லிய பட்டையாகக் களிமண் அப்பி வழக்கம்போல இழுத்துப் பாருங்கள். களிமண்ணில் பதியும் பள்ளம் நிறையச் சொல்லும். பெரும்பாலானவர்களின் தடம் நேராக விழாது. விரல் சற்றுச் சாய்வாக வந்து வெளி ஓரத்தில் ஆழமாகவும் உள் ஓரத்தில் மேலோட்டமாகவும் பதியும். அந்தச் சாய்வை அப்படியே அளந்து, பின்பக்கத்தில் ஆழமில்லாத குழிவாகக் கொடுங்கள்.

கடைகளில் விற்கும் பேடில்களில் என்னை வருத்துவது இதுதான். கண்ணுக்குத் தெரியும் முன்பக்கத்தில் பளபளப்பும் நெசவும் அமர்க்களமாக இருக்கும். விரல் தொடும் பின்பக்கமோ அச்சிலிருந்து எடுத்தபடியே சொரசொரவென்று கிடக்கும். வேலையில் பாதியையாவது பின்பக்கத்துக்குக் கொடுங்கள்.

எந்தப் பக்கம் நீட்டலாம்?

பேடில் ஒரு நெம்புகோல். பெரும்பாலான கார்களில் அதன் சுழல் அச்சு, சக்கரத்தின் நடுப்பகுதியை வெளிவளையத்தோடு (ரிம்) இணைக்கும் ஸ்போக்கை ஒட்டி, ஏறக்குறைய மேலிருந்து கீழாக நிற்கும். கதவைக் கீல் பக்கம் தள்ளினால் கனப்பதும் கைப்பிடிப் பக்கம் தள்ளினால் லேசாகத் திறப்பதும் போலத்தான் இதுவும். அச்சிலிருந்து 40 மி.மீ. தள்ளி இழுக்கும்போது கிளிக் விழ 6 நியூட்டன் விசை வேண்டுமென்றால், 80 மி.மீ. தள்ளி 3 நியூட்டன் போதும். ஆனால் விரல் நகர வேண்டிய தூரம் இரண்டு மடங்காகும். விசை குறைந்து தூரம் கூடினால் கிளிக் சோர்ந்துபோகும். வளைவில் விரல் உரசினாலே கியர் மாறிவிடும் ஆபத்தும் வரும்.

ஆகவே வெளிப்பக்கம், ரிம்மை நோக்கி, விரல் கேட்கும் அளவுக்கு மட்டும் நீட்டுங்கள். மேலும் கீழும் நீட்டுவது அச்சுக்கு இணையானது என்பதால் விசை மாறாது. ஆனால் மேல் நுனியைப் பிடித்து இழுத்தால் பேடில் முறுக்கிக்கொள்ளும். தயாரிப்பாளரின் பிளாஸ்டிக் தாங்கி வளைந்த பிறகுதான் கிளிக் வரும். மூலப் பேடிலின் உயரத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் நான் போவதில்லை. சின்ன ஸ்பிரிங் தராசை நுனியிலும் மையத்திலும் மாட்டி இழுத்துப் பாருங்கள். எங்கே இழுத்தாலும் கிளிக் சுத்தமாக விழ வேண்டும்.

எடையும் இதே கணக்குக்குள் வருகிறது. அச்சைச் சுற்றிய நிலைமத்தில் (அசைவு மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) தூரம் இருமடியாகச் சேர்வதால், ஒரே எடையை இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் நிலைமம் நான்கு மடங்காகும். மோசமான சாலையில் பேடில் கடகடப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். 30 சதுர செ.மீ. பரப்பும் 3 மி.மீ. தடிமனும் உள்ள தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: அலுமினியத்தில் சுமார் 24 கிராம், கார்பன் ஃபைபரில் சுமார் 14, டைட்டானியத்தில் 40. டைட்டானியத்தின் வலிமை இந்த வேலைக்குத் தேவையே இல்லை. அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

இடைவெளி

சக்கரம் சுற்றும்போது பேடிலும் சுற்றும்; இன்டிகேட்டர், வைப்பர் லீவர்கள் நிலையாக நிற்கும். அட்டை மாதிரியை ஒட்டிவைத்து ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். லீவர் மேலே, கீழே, உங்களை நோக்கி இழுத்த நிலை என்று ஒவ்வொன்றிலும் திருப்பிப் பாருங்கள். ஹெட்லைட் ஃபிளாஷுக்காக லீவரை இழுக்கும்போதுதான் அது பேடிலுக்கு மிக அருகில் வரும்.

இதோடு விட்டுவிடாதீர்கள். பேடிலுக்கும் லீவருக்கும் இடையில் உங்கள் விரல் நுழைந்து வெளியே வர வேண்டும். நீளமான பேடில் பொருத்தியவர்கள் இன்டிகேட்டர் போடத் தடுமாறுவது அதனால்தான். ஸ்டீயரிங் காலத்தை மேலே, கீழே, உள்ளே, வெளியே நகர்த்தியும் சரிபாருங்கள். மேல் நுனி மீட்டரை மறைக்கிறதா, கீழ் நுனி முழங்காலைத் தொடுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

விளிம்பு

ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் விதி எண் 12 ஸ்டீயரிங்கைப் பற்றியது. ஓட்டுநரை நோக்கிய பரப்பில், 165 மி.மீ. விட்டமுள்ள கோளம் தொடக்கூடிய இடங்களில் 2.5 மி.மீ. ஆரத்துக்குக் குறைந்த கூர் விளிம்பு இருக்கக் கூடாது என்கிறது. உடையோ நகையோ சிக்கும்படியான பாகமும் கூடாது. உங்கள் ஊரில் எந்தச் சட்டம் இருந்தாலும் இதைப் பின்பற்றுங்கள். விபத்தில் முகமும் கையும் போய் மோதும் இடம் இது.

3 மி.மீ. தகட்டின் விளிம்பை முழுவதும் உருட்டினாலும் 1.5 மி.மீ. ஆரம்தான் கிடைக்கும். 2.5 வேண்டுமென்றால் விளிம்பு 5 மி.மீ. தடிமனாக இருக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் 5 மி.மீ. வைத்து, நடுவில் விரல் படாத இடங்களைப் பின்பக்கத்திலிருந்து குடைந்து மெலிதாக்குங்கள். எடையும் ஏறாது, ஓரமும் விரலுக்கு இதமாக இருக்கும்.

மாதிரியும் பொருளும்

அட்டை வடிவத்தைக் காலிப்பரால் அளந்தோ ஸ்கேன் செய்தோ கணினியில் வரைந்து, முப்பரிமாண அச்சில் மாதிரி எடுங்கள். இத்தகைய அச்சில் பரவலாகப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும்; வெயிலில் நிற்கும் காருக்குள் அது கோணிவிடும். சில நாள் பொருத்திவைத்துப் பழகிப் பார்க்க, 100 டிகிரி வாக்கில் இளகும் ஏபிஎஸ் அல்லது ஏஎஸ்ஏ பிளாஸ்டிக் நல்லது. படுக்கவைத்து அச்சிடுங்கள். நிற்கவைத்து அச்சிட்டால் அடுக்குகளின் இடையில் முறியும்.

இறுதிப் பாகத்துக்கு 6061-டி6 என்ற அலுமினியக் கலவை என் முதல் தேர்வு. சிஎன்சியில் (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) சுத்தமாக வெட்டலாம். அனோடைசிங் (மின்வேதி முறையில் ஏற்றும் காப்புப் படலம்) அழகாக ஏறும். பளபளப்பாக மெருகேற்றாதீர்கள், வெயில் பட்டுக் கண்ணில் அடிக்கும். மணித்துகள் பீய்ச்சி மங்கலாக்கிய பரப்பின் மேல் கருப்பு அனோடைசிங் கொடுத்தால் பல ஆண்டுகள் உழைக்கும். கார்பன் ஃபைபர் என்றால், அது அலுமினியத்தை நேரடியாகத் தொடக் கூடாது. வியர்வையின் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். நடுவே ஓர் அடுக்கு கண்ணாடி இழை வைத்தால் போதும். கார்பன் இழைகளைப் பிணைக்கும் எபாக்சி பிசின் வெயிலில் மஞ்சளாகாமல் இருக்க, புற ஊதா தாங்கும் கிளியர் கோட் அவசியம்.

சில கார்களில் சுவிட்சுக்குப் பதிலாகக் காந்தமும், காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சாரும் இருக்கும். அங்கே இரும்பு பாகமோ, ஒட்டுவதற்குக் காந்தமோ வேண்டவே வேண்டாம்.

பொருத்துவது

மூலப் பேடிலைக் கழற்றிவிட்டு மாற்றுவதா, அதன் மேலேயே பொருத்துவதா? கழற்ற வேண்டுமென்றால் பெரும்பாலும் ஏர்பேக்கை எடுக்க வேண்டிவரும். அது விரிய ஆகும் நேரம் ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு போலத்தான். அந்த வேலையைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். பேட்டரியைக் கழற்றி, அந்தக் காரின் சர்வீஸ் கையேடு சொல்லும் நேரம் காத்திருக்கும் ஆளாக அவர் இருக்க வேண்டும். வீட்டில் செய்வதென்றால் மேலே பொருத்தும் வகைக்கே என் ஓட்டு.

இதில் ஒரு நுணுக்கம். இரட்டைப்பக்க அக்ரிலிக் ஃபோம் டேப் அழுத்தத்தையும் சறுக்கலையும் நன்றாகத் தாங்கும். ஓரத்திலிருந்து உரிக்கும் இழுப்புக்கு எளிதில் தோற்கும். முன்பக்கம் ஒட்டிய பேடிலின் நீண்ட நுனியைப் பின்னாலிருந்து இழுக்கும்போது நடப்பது சரியாக அந்த உரிப்புதான். எனவே டேப்பை மட்டும் நம்பாமல், மூலப் பேடிலின் மேல், கீழ் விளிம்புகளைச் சுற்றிப் பின்னால் மடங்கிப் பிடிக்கும் உதடு ஒன்றை வடிவத்திலேயே சேருங்கள். இழுக்கும் விசையை உதடு வாங்கிக்கொள்ளும், டேப் அசையாமல் பிடித்துவைக்கும்.

ஒட்டும் இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து துடையுங்கள். 3எம் விஹெச்பி டேப்பாக இருந்தால் 21 முதல் 38 டிகிரி வெப்பத்தில் ஒட்டி, நன்றாக அழுத்துங்கள். இருபது நிமிடத்தில் பாதிப் பிடிப்பும், ஒரு நாளில் தொண்ணூறு விழுக்காடும், முழுப் பிடிப்பு 72 மணி நேரத்திலும் வரும். அதுவரை பேடிலை இழுக்காதீர்கள். ஸ்க்ரூ போடும் வடிவமென்றால் ஏபிஎஸ், பாலிகார்பனேட் பாகங்களின் அருகில் திரவ திரெட் லாக்கர் (ஸ்க்ரூ தளராமல் இருக்கப் பூசும் பசை) வேண்டாம், பிளாஸ்டிக்கில் விரிசல் விழும். நைலான் பூசிய ஸ்க்ரூ வாங்குங்கள்.

கடைசியாக, நிறுத்திய காரில் இரண்டு பக்கமும் பலமுறை இழுத்துப் பாருங்கள். விட்டவுடன் பேடில் தானாக முழுவதும் திரும்ப வேண்டும். சில கார்களில் ஒரு பேடிலைப் பிடித்தே வைத்திருந்தால் தானியங்கி முறைக்குத் திரும்பும், இரண்டையும் சேர்த்து இழுத்தால் நியூட்ரலுக்குப் போகும். உங்கள் காரின் கையேட்டில் உள்ள அத்தகைய வசதிகள் ஒவ்வொன்றையும் சோதியுங்கள். ஹாரனும் ஸ்டீயரிங் பொத்தான்களும் தடையில்லாமல் வேலை செய்ய வேண்டும். ஒரு மாதம் ஓட்டியபின், வெயிலில் நின்று சூடான காரில் டேப்பின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பாருங்கள். நகம் உள்ளே நுழைந்தால் கழற்றிச் சுத்தம் செய்து, புது டேப்பில் மறுபடி ஒட்டுங்கள்.