அறை மாற்றிய பழைய ரைஃபிளை வாங்கப் போகிறீர்களா?

வெளிநாட்டுக்குப் புதிதாகக் குடிவந்து, வேட்டைக்கோ சுடுதளப் பயிற்சிக்கோ உரிமம் எடுத்துவிட்டீர்கள். முதல் ரைஃபிளைப் பழையதாகவே வாங்கிக்கொள்ளலாம் என்று தேடுகிறீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் தேட ஆரம்பித்த சில நாளிலேயே "ரீசேம்பர் செய்தது" என்ற வார்த்தை காதில் விழும். நம்மில் பெரும்பாலானோர் துப்பாக்கி புழங்கும் வீட்டில் வளர்ந்தவர்கள் இல்லை. புரியாவிட்டாலும் தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுவோம். அப்படிச் செய்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்தான் சேம்பர், அதாவது அறை. அதை ரீமர் என்ற கருவியால் குடைந்து வேறு தோட்டாவுக்கு ஏற்றபடி மாற்றுவது ரீசேம்பர். குண்டு ஓடும் துளை அப்படியே இருக்கும், அறை மட்டும் மாறும். குழலையே மாற்றினால் அது ரீபேரல். விற்பவர்களே சிலசமயம் இரண்டையும் குழப்புவார்கள், கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

முதலில் மனதில் பதிய வேண்டியது: குழலின் மேல் பொறித்திருப்பதும் உள்ளே இருக்கும் அறையும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் ஜெர்மன் மவுசர் 98 ரைஃபிள்களைக் கொண்டுவந்தார்கள். அவற்றுக்கான 8×57 தோட்டா அங்கே எளிதில் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் .30-06 தோட்டாவின் கூடோ (மருந்தும் குண்டும் அடங்கும் பித்தளை உறை) எங்கும் கிடைத்தது. அதனால் பலர் அறையைச் சுமார் 6 மிமீ கூடுதல் நீளமாகக் குடைந்து, .30-06 கூட்டின் கழுத்தை 8 மிமீ குண்டுக்கு விரித்துப் பயன்படுத்தினார்கள். அதன் பெயர் 8 மிமீ-06. வீட்டிலேயே தோட்டா தயாரிப்பவர்களுக்கான அளவு அது. குழலில் புதிய பெயரைப் பொறிக்காமல் விட்டவர்களும் உண்டு. "8 மிமீ மவுசர்தானே" என்று நம்பி 8×57 தோட்டாவைப் போட்டால் அது அந்த நீண்ட அறையில் சரியாகத் தாங்கி நிற்காது. சுடாமலும் போகலாம், கூடு கிழிந்து சூடான வாயு முகத்தை நோக்கித் திரும்பவும் செய்யலாம்.

ஆகவே அறை என்ன அளவு என்று உறுதியாகத் தெரிய வேண்டும். அதற்கு நம்பகமான வழி, அறைக்கு வார்ப்பு எடுப்பது. செரோசேஃப் என்ற உலோகக் கலவை 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே உருகிவிடும். அதை அறைக்குள் ஊற்றி, இறுகியதும் எடுத்து அளப்பார்கள். அது முதலில் சற்றுச் சுருங்கி, பிறகு விரிந்து, ஊற்றி 1 மணி நேரம் ஆகும்போது அறையின் அளவுக்குச் சரியாக வரும். இது கன்ஸ்மித், அதாவது துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழில்வல்லுநர், செய்ய வேண்டிய வேலை. அந்தக் கூலியில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

அடுத்தது ஹெட்ஸ்பேஸ், அதாவது பூட்டிய போல்ட்டின் (அறையைப் பின்னாலிருந்து மூடும் உருளையின்) முகத்துக்கும் தோட்டாவைத் தாங்கும் இடத்துக்கும் இடைப்பட்ட தூரம். இதைத் தோட்டா வடிவிலான கேஜ் என்ற அளவுக் கட்டைகளால் சோதிப்பார்கள். கோ கேஜ் வைத்தால் போல்ட் மூட வேண்டும், நோ-கோ வைத்தால் மூடக் கூடாது. ஃபீல்ட் கேஜிலும் மூடினால் அந்த ரைஃபிளைச் சுடவே கூடாது. .308 வின்செஸ்டரில் இந்த மூன்றும் 1.630, 1.634, 1.638 அங்குலம். ஒவ்வொன்றுக்கும் இடையே வெறும் 0.1 மிமீதான் வித்தியாசம், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அறையைத் துடைத்துவிட்டு, விரலால் மெதுவாகத்தான் போல்ட்டைத் தள்ள வேண்டும். கேஜுக்குப் பதில் மருந்துள்ள உண்மையான தோட்டாவைப் போட்டுப் பார்ப்பதை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

"ஆக்லி இம்ப்ரூவ்டு" (கூட்டின் பக்கங்கள் நேராகவும் தோள் செங்குத்தாகவும் வரும்படி அகலமாக்கிய அறை) என்று சொன்னால் இன்னும் கவனம் தேவை. சரியாகச் செய்த ஆக்லி அறையில், மாற்றத்துக்கு முந்தைய மூலத் தோட்டாவையும் சுடலாம். ஆனால் அதற்குக் குழலைச் சற்றுப் பின்னுக்கு இறக்கிவிட்டுக் குடைந்திருக்க வேண்டும். இறக்காமல் ரீமரை மட்டும் உள்ளே விட்டிருந்தால் மூலத் தோட்டாவுக்கு ஹெட்ஸ்பேஸ் அதிகமாகிவிடும். "குழலை இறக்கினீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள்.

அந்த ரைஃபிளில் சுட்ட காலிக் கூடுகள் நான்கைந்து கேட்டு வாங்கிப் பாருங்கள். எனக்கு விற்பவரின் பேச்சைவிட இந்தக் கூடுகள்மேல்தான் நம்பிக்கை. அடியிலிருந்து சுமார் 1 செமீ மேலே சுற்றிலும் பளபளப்பான கோடு இருந்தால் கூடு அங்கே இழுபட்டு மெலிந்திருக்கலாம். ஒருமுறை மட்டுமே சுட்ட கூட்டில் அது இருந்தால் ஹெட்ஸ்பேஸைச் சந்தேகியுங்கள். உடலில் இரண்டாவதாக ஒரு படி தெரிந்தால் பழைய அறை முழுதாக மறையவில்லை. ஒரு பக்கம் மட்டும் உப்பியிருந்தால் அறை குழலின் நடுவச்சில் இல்லாமல் இருக்கலாம். சுற்றுவாட்டில் கீறல் இருந்தால், குடையும்போது ரீமரில் உலோகத் துகள் சிக்கியிருக்கக்கூடும்.

அறையைப் புதிதாகக் குடைந்ததால் குழல் புதிதாகிவிடாது. துருக்குழி, தேய்ந்த வரிப்பள்ளம் (குண்டைச் சுழல வைக்கும், குழலின் உட்புறச் சுருள் பள்ளம்), அறைக்கு முன்னால் தோல் வெடித்ததுபோன்ற விரிசல் எல்லாம் போர்ஸ்கோப்பில், அதாவது குழலுக்குள் விட்டுப் பார்க்கும் கருவியில், தெரியும். வரிப்பள்ளத்தின் சுற்று வேகமும் பழையதுதான். .222 ரெமிங்டன் குழல்கள் பெரும்பாலும் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதை .223 ஆக்கினால் கனமான, நீளமான குண்டுகள் அதில் நிலைத்துப் பறக்காது.

தோட்டா நீண்டிருந்தால் மேகசினிலும் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) அது அடங்க வேண்டும். மருந்தில்லாத டம்மி தோட்டாக்களை வைத்து, மேகசினிலிருந்து ஏறுகிறதா, வெளியே வருகிறதா என்று பாருங்கள்.

காகிதங்களையும் விடாதீர்கள். பிரிட்டன், ஜெர்மனி போன்ற சிஐபி (துப்பாக்கிச் சோதனைக்கான சர்வதேச அமைப்பு) நாடுகளில் அறை மாற்றிய குழல் மறுபடி புரூஃப் சோதனைக்கு (அதிக அழுத்தத் தோட்டாவைச் சுட்டு வலிமை பார்ப்பது) போய் முத்திரை வாங்கியிருக்க வேண்டும். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் அந்தக் கட்டாயம் இல்லை, அதனால் சோதனைப் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில். உரிமத்தில் காலிபர் எழுதும் நாடு என்றால், எழுதியிருப்பதும் உள்ளே இருக்கும் அறையும் பொருந்துகிறதா என்று பணம் கொடுக்கும் முன்பே காவல்துறையிடமோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ கேளுங்கள். புதிதாக வந்த நமக்கு ஆயுதச் சட்டத்தில் ஒரு தவறு நடந்தால் விசா வரைக்கும் பாதிக்கக்கூடும்.

கன்ஸ்மித் பார்க்கக் கூடாது என்று விற்பவர் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பார்க்க விட்டு எல்லாம் சரியாக இருந்தால், அறையின் பெயரை முழுதாக எழுதித் தரச் சொல்லுங்கள்: "8 மிமீ" என்று மட்டும் இல்லாமல் "8 மிமீ-06" என்று. குழலிலும் அதையே பொறித்துவிடச் சொல்லுங்கள். நாளைக்கு இந்த ரைஃபிளை உங்களிடமிருந்து வாங்குபவரும் புதிதாக வந்த ஒருவராக இருக்கலாம்.