மொட்டை மாடிக்கு ஷீட் போடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும்போதுதான் மாடியில் ஷீட் போடும் யோசனை வரும். அதனால் கேட்கும் கேள்வியெல்லாம் வெயிலைப் பற்றியே இருக்கும்: எந்த நிறம், எவ்வளவு குளிர்ச்சி, சதுர அடி என்ன விலை? போட்ட கூரையைக் கெடுப்பது பெரும்பாலும் வெயில் அல்ல. காற்று தூக்கும், தண்ணீர் அரிக்கும்.

தவறு கொட்டேஷனிலேயே தொடங்குகிறது. "சதுர அடிக்கு இவ்வளவு" என்ற ஒற்றை வரிக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம். கூரையைத் தாங்கும் இரும்புப் பைப்பின் அளவு, அதன் கனம், ஷீட்டின் கனம், முலாம், எத்தனை அடிக்கு ஒரு பர்லின் (ஷீட்டுக்கு அடியில் குறுக்கே ஓடும் பைப்) என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஷீட் 0.50 மி.மீ. என்றால், அது முலாமும் பெயின்டும் சேர்த்த கனமா, வெறும் இரும்பின் கனமா என்று கேளுங்கள். சேர்த்த கனம் என்றால் இரும்பு 0.43 மி.மீ. அளவுக்குத்தான் தேறும். 0.35 மி.மீ. ஷீட்டில் ஆள் ஏறினாலே பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தங்கும். பைப் 2 மி.மீ. கனத்துக்குக் குறையக் கூடாது. பைப்பை இறக்கும் அன்றே வெர்னியர் (கனம் அளக்கும் கருவி) வைத்து அளந்துவிடுங்கள். பெயின்ட் அடித்த பிறகு சண்டை போட்டுப் பயனில்லை.

இனி காற்று. கட்டட வடிவமைப்புக்கான ஐ.எஸ். 875 விதிநூல் சென்னைக்குச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. மதுரைக்கும் கோவைக்கும் 39 மீட்டர். 50 மீட்டர் வேகத்தில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ அழுத்தம் வரும். 20 அடிக்கு 10 அடி கூரை என்றால் 18.6 சதுர மீட்டர், தோராயமாக 2.8 டன். அந்த ஷீட்டின் மொத்த எடையோ 80 கிலோ சொச்சம். நாலு பக்கமும் திறந்த கொட்டகையில் காற்று அடியில் புகுந்து மேலே தள்ளும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மாடிக் கூரைகள் பறந்ததை ஊரே பார்த்தது. இதைத் தாங்க வேண்டியது கால்கள்தான். அங்கேதான் கஞ்சத்தனம் பிடிக்கிறோம்.

நாலரை அங்குலக் கைப்பிடிச் சுவரில் கால் நட்டால், காற்று இழுக்கும்போது சுவரும் சேர்ந்து பெயரும். தட்டோட்டின் மேல் பேஸ் பிளேட் (காலின் அடித்தகடு) வைத்து நாலு ஆங்கர் போல்ட் அடிப்பது இன்னொரு தவறு. போல்ட் பிடித்திருப்பது தட்டோட்டையும் கீழே உள்ள செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பையும்தான், கான்கிரீட்டை அல்ல. பிடிப்பும் இருக்காது, அந்த ஓட்டை வழியே தண்ணீர் இறங்கிக் கீழ்வீட்டுச் சீலிங்கில் ஈரமும் காட்டும். அடுத்த மாடிக்கென்று பில்லர் கம்பி விட்டுவைத்திருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. அந்தக் கம்பியை உள்ளே வைத்து ஓரடி உயரத்துக்குக் கான்கிரீட் பீடம் போட்டு, அதன்மேல் கால் நிறுத்துங்கள். கம்பி இல்லையென்றால் பில்லரோ பீமோ இருக்கும் இடத்தில் தட்டோட்டையும் சுண்ணாம்பையும் கொத்தி எடுத்து, கான்கிரீட்டிலேயே கெமிக்கல் ஆங்கர் (பசையால் பிடிக்கும் போல்ட்) பதித்து, பீடத்தைச் சுற்றி நீர்க்காப்புப் பூச்சு பூச வேண்டும். பைப்பின் திறந்த வாயை மூடி போட்டு அடைக்கச் சொல்லுங்கள். மறந்துவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கி, வெளியே பளபளவென்று இருக்கும் பைப் உள்ளிருந்து துருப்பிடித்துப் போகும்.

சரிவு பத்தடிக்கு ஓரடியாவது வேண்டும். "உயரம் குறைகிறது" என்று அரையடியில் நிறுத்தினால், ஐப்பசி மழையில் ஷீட் சேரும் இடத்தில் தண்ணீர் எதிர்த்து ஏறும். ஷீட்டை வரிசையாக அடுக்கும்போது காற்று வரும் பக்கத்துக்கு எதிர்முனையிலிருந்து தொடங்க வேண்டும். அப்போதுதான் மேலே படியும் ஷீட்டின் விளிம்பு காற்றைப் பார்க்காது. ஓரங்களிலும் மூலைகளிலும் இழுப்பு அதிகம். அங்கே ஷீட்டின் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ, நடுவில் ஒன்று விட்டு ஒன்று.

ஸ்க்ரூவை ஒருமுறை கிட்டே குனிந்து பாருங்கள். தலைக்குக் கீழே கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கும். சரியாக முடுக்கினால் ரப்பர் இரும்பு வளையத்தின் விளிம்பு மட்டத்துக்கு லேசாகப் பிதுங்கி நிற்கும். வளையத்தைத் தாண்டி வழிந்து தெரிந்தால் அதிகம் முடுக்கியாயிற்று; இரண்டு கோடையில் அது வெடிக்கும். வாஷரை விரலால் சுழற்ற முடிந்தால் அன்றைக்கே ஒழுகும். துளை போட்ட இரும்புத் தூளை அன்று மாலையே துடைப்பத்தால் கூட்டித் தள்ளச் சொல்லுங்கள். ஒரு மழை பெய்தால் ஒவ்வொரு தூளும் ஒரு துருப்புள்ளி. "புது ஷீட் அதற்குள் துருப்பிடித்துவிட்டது" என்ற புகார்களில் பாதி இதுதான். வெட்டும் டிஸ்க்கால் ஷீட்டை அறுப்பதும் அப்படியே: சூட்டில் விளிம்பின் முலாம் கருகிவிடும். கத்தரியால் வெட்டுவதே நல்லது.

ஹெட்ரூம் (மாடிப்படி அறை) சுவரில் ஷீட் முட்டும் இடத்தில் சிமென்ட் கலவையை அப்பி மூடுவது கொத்தனாரின் பழக்கம். அலுமினிய-துத்தநாக முலாமைச் சிமென்டின் காரம் தின்றுவிடும். வெயிலில் ஷீட் நீளும்போது அந்தக் கலவை எப்படியும் வெடிக்கும். சுவரில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து எல் வடிவத் தகட்டைச் செருகி, மேல் விளிம்பில் நியூட்ரல் (அமிலம் விடாத) சிலிக்கோன் பசை போடுங்கள். ஏசியின் செம்புக் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரும் ஷீட்டில் விழக் கூடாது. சொட்டும் இடத்தில் ஓட்டை விழும்.

வெளிச்சத்துக்குப் பாலிகார்பனேட் போடுகிறவர்கள் புறஊதாப் பூச்சு உள்ள பக்கத்தை மேலே வைக்க வேண்டும். எது மேல் பக்கம் என்று ஒட்டியிருக்கும் பிலிமிலேயே அச்சிட்டிருக்கும். மாட்டியதும் பிலிமை உரித்துவிடுங்கள்; வெயிலில் விட்டால் ஒட்டிக்கொண்டு வராது. 3 மீட்டர் ஷீட் 40 டிகிரி சூடு ஏறினால் 8 மி.மீ. நீளும். ஆகவே ஸ்க்ரூவை விடப் பெரிய துளை போட வேண்டும். அழுக்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். தின்னர் பட்டால் மயிரிழை வெடிப்பு ஓடும்.

20-க்கு 10 அடி கூரையில் ஓர் அங்குல மழைக்கு 470 லிட்டர் தண்ணீர் இறங்கும். அதைப் பக்கத்து வீட்டுச் சுவரில் விட்டால் வரும் வம்பு வேறு. கால்வாய்த் தகடும் 4 அங்குலக் குழாயும் முதலிலேயே கணக்கில் சேரட்டும்.

ஆண்டுதோறும் புரட்டாசிக்குள் ஒருநாள் ஒதுக்குங்கள். வேப்பிலைச் சருகை அள்ளி, தளர்ந்த ஸ்க்ரூவை முடுக்கி, வெடித்த வாஷரை மாற்றி, வெல்டிங் இணைப்பில் துரு தெரிந்தால் சுரண்டி ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடியுங்கள். ஷீட் ஈரமாக இருக்கும்போது மேலே ஏறக் கூடாது. காய்ந்த பிறகும் ஸ்க்ரூ வரிசை தெரியும் இடத்தில், பர்லின் மேலேதான் கால் வைக்க வேண்டும்.