தவளைக்குக் குட்டை வெட்டுவது: பெங்களூரு வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு கையேடு

மே மாதத்தில் சாயங்கால மழை இரண்டு பெய்துவிட்டால் போதும், காலி சைட்டில் தேங்கிய தண்ணீரில் ராத்திரி முழுக்கக் கச்சேரி நடக்கும். அடுத்த வருடம் அந்த சைட்டில் நாலு மாடி எழும்பியிருக்கும். பாடினவர்களுக்கு நம் வீட்டில் இடம் கொடுக்கலாமே என்று சிலர் பின்புறத்தில் சிமென்ட் தொட்டி கட்டி, தளும்பத் தண்ணீர் விட்டுக் காத்திருப்பார்கள். தவளை வராது. வந்தாலும் இரண்டு நாளில் மிதக்கும்.

தொட்டியில் இல்லாதது கரை. தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்து வால் சுருங்கும் அந்தச் சில நாட்களில் செவுள் போய் நுரையீரல் வேலைக்கு வருகிறது. அப்போது ஏறி உட்கார இடம் இல்லாவிட்டால், தண்ணீரிலேயே பிறந்த பிராணி தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும். நன்றாக வளர்ந்த தேரையாலும் வழவழப்பான சுவரில் ஏற முடியாது. ஏரியைச் சுற்றிச் செங்குத்தாகக் கல் பதித்துக் கிண்ணம் மாதிரி ஆக்கி 'அழகுபடுத்துவதை' தவளைப் பிரியர்கள் திட்டுவது இதற்காகத்தான்.

ஆகவே குட்டையை ஒரு பக்கம் சரிவாகத் தோண்ட வேண்டும். 6 அடி நீளம், 4 அடி அகலம், நடு ஆழம் ஒன்றரை அடி. நீளவாக்கில் ஒரு பக்கச் சரிவு நாலரை அடிக்கு ஓட வேண்டும், அதாவது 3 அடி நடந்தால் 1 அடி இறங்கும் கணக்கு. மற்ற மூன்று பக்கமும் 45 டிகிரி போதும். இந்த அளவுக்கு ஏறக்குறைய 380 லிட்டர் பிடிக்கும். இடம் பாதி நிழலாக இருக்கட்டும். நேர் வெயிலில் ஏப்ரல் மாதம் ஆழமில்லாத தண்ணீர் கொதித்துவிடும். தூங்குமூஞ்சி மரத்தடியும் வேண்டாம், இலை கொட்டி அழுகிப் பிராணவாயு போய்விடும். பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழேயும் வேண்டாம். தவளையும் தன் வாயால் கெடும், அதை வைத்திருப்பவரும் கெடுவார்.

மார்ச்சில் தோண்டுங்கள், கோடை மழைக்கு முன் தயாராகிவிடும். குழியில் கூரான கல்லையும் வேரையும் பொறுக்கிவிட்டுப் பழைய ஜமக்காளம் அல்லது சாக்கை இரண்டு மடிப்பாக விரித்து, அதன்மேல் சில்பாலின் தார்ப்பாய். 200 ஜி.எஸ்.எம்.முக்கு (சதுர மீட்டருக்கு 200 கிராம்) குறைவானதை வாங்கினால் ஒரு வெயிலுக்குக்கூடத் தாங்காது. அளவு கணக்கு எளிது: நீளத்தோடு ஆழத்தின் இரண்டு மடங்கும், ஓரத்துக்கு 2 அடியும் கூட்டுங்கள். அகலத்துக்கும் அப்படியே. இங்கே 11-க்கு 9 அடி. ஓரத்தை மண்ணில் புதைத்துக் கல் வையுங்கள். சரிவில் தார்ப்பாய் வெறுமையாகத் தெரியக் கூடாது, வழுக்கும். கூழாங்கல்லும் செம்மண்ணும் இரண்டு அங்குலத்துக்குப் பரப்புங்கள். எரு கலந்த மண் ஆகாது, ஒரே வாரத்தில் தண்ணீர் பச்சைக் குழம்பாகிவிடும்.

சிமென்ட் தொட்டி ஏற்கெனவே இருக்கிறதா? இடிக்க வேண்டாம். உள்ளே செங்கல் அடுக்கிச் சரிவு செய்யலாம். புதுத் தொட்டியானால் சுண்ணாம்பு கசிந்து முட்டையைக் கொன்றுவிடும். தண்ணீர் நிரப்பி, வாழைத்தண்டைத் துண்டு போட்டு ஒரு வாரம் ஊறவிட்டு இறைத்துவிடுங்கள். மூன்று முறை இப்படி.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ஒன்றரை அடித் தண்ணீரே ஆபத்து. இரண்டு அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ்ஷை (கம்பி வலையை) நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, நாலு பக்கமும் கல்லில் தாங்கி வையுங்கள். தவளை அதன் வழியே போய்வரும், குழந்தை உள்ளே போகாது. ஆனாலும் குழந்தையைத் தனியே விடாதீர்கள்.

நிரப்புவதற்கு மழைநீரே மேல். மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய 2009 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கட்டிய வீடென்றால் பெரும்பாலும் மழைநீர்க் குழாய் இருக்கும். ஆயிரம் சதுர அடி மாடியில் 5 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 460 லிட்டருக்கு மேல் வருகிறது, குட்டைக்குப் போதும். பருவத்தின் முதல் மழையை மட்டும் விட்டுவிடுங்கள், அது மாடித் தூசியும் புறா எச்சமும். குழாயில் வரும் காவிரித் தண்ணீரானால் அகலமான பாத்திரத்தில் மூடாமல் இரண்டு நாள் வைத்துக் குளோரின் போன பிறகு ஊற்றுங்கள். வெயில் காலத்தில் மட்டம் இறங்கியது என்று ஹோஸை நேராகத் திறந்துவிட்டால் தலைப்பிரட்டைகள் ஒட்டுமொத்தமாகச் செத்துப்போகலாம்.

ஓரத்தில் வல்லாரையும் நீர்ப்பிரம்மியும், ஆழத்தில் ஓர் அல்லியும், மூலையில் கொஞ்சம் கோரையும் வைத்தால் முடிந்தது. ஆகாயத்தாமரை மட்டும் வேண்டாம்.

அடுத்து கொசு. பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான். யாரோ உடனே கப்பி மீன் வாங்கிவந்து விடுவார்கள். கன்னடத்தில் தவளைக்குப் பெயர் கப்பெ. கப்பிதான் கப்பெக்கு எமன்: கொசுப்புழுவோடு சேர்த்து முட்டையையும் பொரிந்த குஞ்சையும் தின்றுவிடும். கம்பூசியா என்ற கொசு மீன் அதைவிட மோசம். தலைப்பிரட்டை கொசுவை ஒழித்துவிடும் என்று நம்பவும் வேண்டாம், அதன் முக்கியச் சாப்பாடு பாசி. கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகிறது. அதனால் வாரம் இருமுறை டீ வடிகட்டியால் ஓரத்து நீரை அரித்தெடுங்கள். போதவில்லை என்றால் பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவுக்குப் போடலாம், கொசுப்புழுவைத்தான் தாக்கும். தெருவில் கொசுப்புகை வண்டி வரும் நாளில் குட்டையைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, புகை அடங்கியதும் எடுங்கள்.

தவளையைப் பிடித்துக்கொண்டு வந்து விட வேண்டியதில்லை, விடவும் கூடாது. ஒரு ஏரியிலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோனால் தோல் பூஞ்சை நோயும் கூடவே வரலாம். தவளை அருகில் இருந்தால் தானே வரும். யார் வந்திருக்கிறார்கள் என்பதை முட்டையிலேயே சொல்லிவிடலாம். கறுப்பு மணி கோத்த நீளமான ஜவ்வுக் கயிறு செடிகளில் சுற்றிக் கிடந்தால் தேரை. தண்ணீருக்கு மேலே கிளையிலோ சுவரிலோ முட்டை வெள்ளைக்கருவை அடித்த மாதிரி முஷ்டி அளவு நுரை ஒட்டியிருந்தால் மரத்தவளை. ஜோடி சேர்ந்து பின்னங்காலால் கடைந்து செய்த கூடு அது. வெளிப்புறம் காய்ந்து அப்பளம் போலாகும், உள்ளே ஈரமாகவே இருக்கும், சில நாளில் குஞ்சுகள் சொட்டுச் சொட்டாகக் கீழே விழும். சீப்பின் பல்லை நகத்தால் உரசுகிற சத்தம் ராத்திரி காதைத் துளைத்தால், அது கட்டைவிரல் நகத்தை விடக் கொஞ்சமே பெரிய குறுவாய்த் தவளை. பெங்களூரின் பெயரையே தாங்கிய ஸ்பீரோதீகா பெங்களூரு என்ற இனத்தை 2020ல்தான் விவரித்தார்கள். அது மண்ணில் புதைந்து வாழும் வகை. சைட் முழுக்க டைல்ஸ் பதித்துவிட்டால் இப்படிப்பட்டவற்றுக்குப் புதைய இடமில்லை, பத்து சதுர அடியாவது வெறும் மண்ணாக விடுங்கள்.

முட்டை பொரிய ஒன்று முதல் மூன்று நாள். தேரைக் குஞ்சு நாலு முதல் ஆறு வாரத்தில் கொண்டைக்கடலை அளவில் கரையேறும், மரத்தவளைக்கு இரண்டு மாதம் வரை பிடிக்கும். இடையில் சோறு, இட்லி என்று எதையும் போடாதீர்கள். பாசி போதும், மிச்சம் அழுகும். நூறு முட்டை பொரிந்தால் இரண்டு மூன்றுதான் பெரிதாகும். காக்கையும் தும்பி லார்வாவும் எடுத்துக்கொள்ளும், அது கணக்கில் சேர்ந்ததுதான்.

மரத்தவளை பாத்ரூமுக்குள் வருவது ஈரத்துக்காகவும் டியூப்லைட் பூச்சிக்காகவும். விரட்டினால் சுவரில் தாவித்தாவி அலமாரிக்குப் பின்னால் போகும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து அட்டையைக் கீழே நுழைத்து, அதே காம்பவுண்டில் இருட்டான செடி மறைவில் விடுங்கள். கையால் எடுக்க வேண்டுமானால் முதலில் கையைத் தண்ணீரில் நனையுங்கள். சானிடைசரோ கிரீமோ தடவிய கை அதன் தோலைச் சுடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தேரையைத் தொட்டால் மரு வராது. தேங்காய்ப் பருப்பு இல்லாமல் போனதற்கும் தேரைக்கும் சம்பந்தமில்லை, அது பெரும்பாலும் சத்துக் குறையோ மகரந்தச் சேர்க்கைக் கோளாறோதான்.

நாய்க்குத்தான் கவனம். தேரையின் கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பியில் விஷம் இருக்கிறது. நாய் கவ்விவிட்டு நுரை தள்ளினால், தலையைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்து வாயின் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் விட்டு ஐந்து பத்து நிமிடம் கழுவுங்கள். தொண்டைக்குள் போக விடாதீர்கள். பிறகு கால்நடை மருத்துவரிடம். தள்ளாட்டமோ வலிப்போ வந்தால் கழுவி முடிக்கக் காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

பாம்பு வருமா என்று கேட்டால், வரலாம். நீர்க்கோலியும் சாரையும் தவளை தின்னும், இரண்டும் விஷமில்லாதவை. ஆனால் வீட்டுக்கு அருகே பாம்பை அதிகம் இழுப்பது எலிதான். செங்கல் குவியலையும் குப்பையையும் அகற்றினாலே பாதி வேலை முடியும்.

மழைநீர் ஊறல் குழியிலும் சம்ப்பிலும் விழுந்த தேரை ஏற முடியாமல் சாகும். மூடியில் இடைவெளி விடாதீர்கள். திறந்த குழியில் தடித்த தேங்காய் நார்க் கயிறு ஒன்றை அடிவரை தொங்கவிட்டுக் கட்டுங்கள்.

குட்டையைச் சுத்தம் செய்வது ஜனவரியில், வருடத்துக்கு ஒரே முறை. தண்ணீரில் பாதியை மட்டும் இறைத்து, அடிச்சேற்றிலும் பாதியை மட்டும் வாருங்கள். வாரிய சேற்றை ஒரு ராத்திரி கரையிலேயே குவித்து வைத்தால், உள்ளே இருப்பவை தானே ஊர்ந்து திரும்பிவிடும்.