மிஷின் சுத்துது, சூடு மட்டும் ஆவல

ஐப்பசியில் நாலு நாள் மழை விடாமல் பிடித்தால் போதும், பாபுராவ் தெரு லாட்ஜுகளிலிருந்து போன் வரும். "அண்ணா, டிரையர் சுத்துது, சூடே ஆவல." சித்திரையில் மொட்டை மாடியில் போட்ட பெட்ஷீட் அரை மணியில் அப்பளமாகிற ஊர் வேலூர். அப்போதெல்லாம் டிரையர் மூலையில் தூங்கும். மழை வந்தால்தான் அதன் ஞாபகம் வரும். வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்து வந்து வாரக்கணக்கில் தங்குகிறவருக்கு ஈரத்துண்டையா கொடுப்பது?

நான் முதலில் கேட்பது, எந்த டிரையர் என்றுதான். செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மிஷினில் துணி பிழிகிற பக்கத்தையும் நாம் டிரையர் என்கிறோம். அதில் ஹீட்டரே கிடையாது. சத்துவாச்சாரியில் ஒரு அம்மா, "வாங்கின நாள்லேர்ந்தே சூடு வரல தம்பி" என்று சண்டைக்கே வந்துவிட்டார். இங்கே நான் பேசுவது, சூடான காற்றில் துணியை உருட்டிக் காயவைக்கிற தனி மிஷினைப் பற்றி.

துணி போடாமல் முழுச் சூட்டில் அஞ்சு நிமிஷம் ஓட விடுங்கள். குமிழ் வெறும் காற்றில் நின்றிருக்கிறதா என்று பாருங்கள். டைமரின் கடைசி சில நிமிஷங்களிலும் சூடு வராது. வெளிவரும் காற்று சுட்டால் ஹீட்டர் நன்றாக இருக்கிறது. சரியாகப் பிழியாத துணியோ, பஞ்சு அடைத்த வடிகட்டியோதான் காரணம்.

காற்று சுடவில்லையா? வோல்டேஜைப் பாருங்கள். 230 வோல்ட்டில் 2000 வாட் இழுக்கிற ஹீட்டர், 180 வோல்ட்டில் 1200 சொச்சம்தான் இழுக்கும். மோட்டார் சுத்திக்கொண்டே இருப்பதால் ஆள் ஏமாந்துவிடுவார். கிளாம்ப் மீட்டர் இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, ஒரே ஒரு ஒயரைச் சுற்றி மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஹீட்டர் வேலை செய்தால் 9, 10 ஆம்ப்ஸ் காட்டும். ஒன்று, இரண்டு என்று நின்றால் மோட்டார் மட்டும் ஓடுகிறது. யூடியூபில் அமெரிக்கக்காரர் "இரண்டு பிரேக்கரில் ஒன்று விழுந்திருக்கும்" என்பார். அங்கே ஹீட்டருக்கு 240, மோட்டாருக்கு 120. நம்முடைய சிங்கிள் பேஸ் மிஷினுக்கு அது பொருந்தாது.

இனி பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். சுவிட்சை அணைத்தது போதாது. ஹீட்டர் ஒயரை ஒரு பக்கம் உருவிவிட்டு மல்ட்டிமீட்டர் வையுங்கள். 2000 வாட் என்றால் 26 ஓம் சுமாருக்குக் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் ஹீட்டரின் கம்பிச் சுருள் அறுந்திருக்கிறது. ஹீட்டருக்கும் தகரத்துக்கும் நடுவே வைத்தால் மீட்டர் அசையக் கூடாது. அசைந்தால் கரண்ட் பாடிக்கு வருகிறது, தொடாதீர்கள். ஹீட்டர் நன்றாக இருந்தால், சூட்டை அளவோடு நிறுத்துகிற தெர்மோஸ்டாட்டும், சூடு மீறினால் அறுந்துபோகிற தெர்மல் பியூஸும் பாக்கி. ஆறிய நிலையில் இரண்டும் கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம் காட்டணும். சில மாடலில் தெர்மோஸ்டாட்டில் சின்ன சிவப்புப் பொத்தான் இருக்கும், அழுத்தினால் திரும்ப வரும். தெர்மல் பியூஸ் அப்படியல்ல. ஒரு தடவை போனால் போனதுதான்.

நான் மூக்குடைபட்டதும் இந்த பியூஸில்தான். ஒரு லாட்ஜில் மாற்றிக் கொடுத்தேன், பத்து நாளில் போனது. மறுபடி மாற்றினேன், மறுபடி போனது. மேனேஜர், "நேரா ஒயரைச் சேத்துடு தம்பி" என்றார். அதை மட்டும் எவர் சொன்னாலும் செய்யாதீர்கள். காற்று அடைபட்டுச் சூடு ஏறும்போது, உள்ளே இருக்கும் பஞ்சில் தீப்பிடிப்பதற்கு முன்னால் நிறுத்துவது அந்த பியூஸ்தான். மூன்றாவது தடவைதான் மாடிக்கு ஏறி, டிரையரின் காற்று வெளியேறும் குழாயின் வாயைச் சுவருக்கு வெளியே பார்த்தேன். மைனா கூடு கட்டியிருந்தது. வைக்கோல், தலைமுடி, பிளாஸ்டிக் கயிறு, அதன்மேல் லாட்ஜ் துண்டிலிருந்து பறந்த வெள்ளைப் பஞ்சு மெத்தை மாதிரி.

நல்லவேளை, குஞ்சு இல்லை. கூட்டை எடுத்துவிட்டு, மிஷினுக்குப் பின்னால் நசுங்கியிருந்த குழாயையும் மாற்றிய பிறகுதான் பியூஸ் போட்டேன். பறவை வராமலிருக்கக் கொசுவலை கட்டலாமா என்றார் மேனேஜர். கூடாது, ஒரே மாதத்தில் அதில் பஞ்சு அப்பிவிடும். காற்று தள்ளும்போது திறந்து, நின்றதும் தானே மூடிக்கொள்கிற மூடி மாட்டினேன்.