தட்டோடு சேர்த்து மதிப்பெண்: அன்றாட போர்த்துகீசிய ஒயின்களைச் சுவைத்துத் தரம் பிரிக்கும் முறை

விலை குறைந்த ஒயின்களைத் தனியாகச் சுவைத்து மதிப்பெண் போட்டால் பெரும்பாலும் தப்பான பாட்டில்தான் முதலிடம் பிடிக்கும். முதல் மடக்கில் ஆளைக் கவர்வது கனிந்த பழ வாசனை, லேசான இனிப்பு, 14 சதவீத ஆல்கஹால் தொண்டையில் தரும் கதகதப்பு. அதே பாட்டிலைச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்தால் இரண்டாவது கிளாஸுக்குக் கை போகாது. புளிப்பு தூக்கலாக, கொஞ்சம் வெறுமையாகத் தெரிந்த ஒயினோ தட்டு வந்ததும் எழுந்து நிற்கும். அன்றாட ஒயின் சாப்பாட்டோடு குடிக்கத்தான் தயாராகிறது. எனவே மதிப்பெண்ணில் நல்ல பங்கு தட்டுக்குப் போக வேண்டும்.

இந்த முறையைப் பழக போர்ச்சுகல் ஒயின்கள் வசதி. அங்குள்ள கடைகளில் 3 முதல் 7 யூரோவுக்குள் ஒழுங்கான பாட்டில் கிடைக்கும். 250-க்கும் மேற்பட்ட உள்நாட்டுத் திராட்சை ரகங்கள் இருப்பதால் ஒரு வட்டாரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் புதியவருக்குக்கூட நாக்கில் பிடிபடும்.

எதை வாங்குவது

ஒரு தடவைக்கு ஆறு பாட்டில் போதும். அதற்குமேல் போனால் நாக்கு மரத்துவிடும். மூன்று வெள்ளை, மூன்று சிவப்பு என்று எடுங்கள்.

வெள்ளையில் முதலாவது வின்யோ வெர்டே. வடமேற்கு மூலையில், மழை அதிகம் பெறும் மின்யோ பகுதியில் விளைவது. 1908-லேயே எல்லை வகுக்கப்பட்ட வட்டாரம். மலிவானவை பல ரகங்களின் கலவை, 9 முதல் 11 சதவீத ஆல்கஹால், நாக்கில் லேசாகக் குத்தும் வாயு. இந்த வாயு பெரும்பாலும் பாட்டிலில் அடைக்கும்போது சேர்க்கப்படுவது. அதைக் குறையாக எண்ண வேண்டாம். இரண்டாவது, லேபிளில் லொரைரோ என்று ரகப்பெயர் போட்ட வின்யோ வெர்டே. ஒன்றிரண்டு யூரோதான் கூடும், ஆனால் பூவாசனை தெளிவாக இருக்கும். மூன்றாவது, லிஸ்பன் நகரைச் சுற்றியுள்ள லிஸ்போவா வட்டாரத்து அரிந்தோ ரகம். எலுமிச்சையை நினைவூட்டும் புளிப்பு. வெயில் காலத்திலும் புளிப்பை விட்டுக்கொடுக்காத ரகம்.

சிவப்பில் ஒன்று தாவோ வட்டாரத்தது: கருங்கல் மண், மிதமான கனம், நல்ல புளிப்பு. ஒன்று தெற்கிலுள்ள அலென்டெஜோ: வெயில் கொளுத்தும் சமவெளி, பழுத்த சுவை, 14 சதவீதத்தை எளிதில் தொடும். மூன்றாவது பைராடா வட்டாரத்தின் பாகா ரகம். துவர்ப்பும் புளிப்பும் ஒருசேர உச்சத்தில் நிற்பதால் தனியாகக் குடித்தால் முகம் சுளிக்கும். இந்தச் சோதனையின் முழுப் பயனும் அந்த ஒரு பாட்டிலில் தெரிந்துவிடும், அதை விட்டுவிடாதீர்கள்.

லேபிளில் மூன்று விஷயம் பாருங்கள். அறுவடை ஆண்டு: மலிவான வின்யோ வெர்டேயை ஓரிரு வருடத்துக்குள் குடித்துவிட வேண்டும். ஆண்டே அச்சிடாத பாட்டில் கடையில் எவ்வளவு காலம் நின்றது என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஆல்கஹால் அளவு: காரமான சாப்பாட்டுக்கு எது ஒத்துவரும் என்பதற்கு இதுதான் முதல் துப்பு. மெயோ செக்கோ என்ற சொல்: லேசான இனிப்பு மிச்சம் இருக்கிறது என்று பொருள். ரிசர்வா என்ற சொல்லைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த வட்டாரத்தின் குறைந்தபட்சத்தைவிட அரை சதவீதம் கூடுதல் ஆல்கஹாலும் சுவைக்குழுவின் ஒப்புதலும் இருந்தால் அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ளலாம். உங்கள் மீனுக்கு அது பொருந்தும் என்று அந்தச் சொல் சொல்வதில்லை.

மேஜையைத் தயார் செய்தல்

கிளாஸ் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்: காம்பு வைத்தது, வாய்ப்பக்கம் குறுகியது. சர்வதேசத் தரப்படி சுவைப்புக் கிளாஸ் சுமார் 215 மில்லி கொள்ளும், அதில் 50 மில்லிதான் ஊற்றுவார்கள். மீதி இடம் வாசனைக்கு. ஒரு பாட்டில் 750 மில்லி. ஆறு பேருக்கு 50 மில்லி வீதம் ஊற்றினால் 300 போகும், தட்டோடு குடிக்க அதே அளவு இன்னொரு சுற்று, மிச்சம் 150 மறுநாளைக்கு. கிளாஸை வெந்நீரில் அலசித் தண்ணீரை வடியவிடுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பின் வாசனையும், அலமாரியில் தலைகீழாக நின்ற கிளாஸில் தங்கும் மரவாசனையும் ஒயினின் குற்றமாக எழுதப்படுவது அடிக்கடி நடக்கிறது. வெறும் கிளாஸை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

பாட்டிலை மறைக்க வேண்டும். விலையும் பெயரும் கண்ணில் பட்டால் மதிப்பெண் தானாக அந்தப் பக்கம் சாயும். காகிதத்தில் சுற்றினால் போதாது. வின்யோ வெர்டேயின் ஒல்லியான கழுத்தே காட்டிக்கொடுக்கும். சுவைக்காத ஒருவர் ஒரே மாதிரி ஜாடிகளில் ஊற்றி எண் ஒட்டட்டும். அவரிடம் இன்னொன்றும் ரகசியமாகச் சொல்லி வையுங்கள்: ஏதாவது ஒரு ஒயினை இரண்டு எண்களில் இரண்டு தடவை வைக்க வேண்டும். ஒரே ஒயினுக்கு ஒருவர் போட்ட இரண்டு மதிப்பெண்ணுக்கும் இடையில் 2-க்கு மேல் வித்தியாசம் வந்தால், அன்றைக்கு அவர் போட்டதைக் கணக்கில் எடுக்காதீர்கள். சளி, பசி, களைப்பு, காலையில் போட்ட வாசனைத் தைலம், எதுவும் காரணமாக இருக்கலாம்.

வெப்பநிலையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குடிப்பதற்கு வின்யோ வெர்டே 8 முதல் 10 டிகிரியில் நன்றாக இருக்கும். ஆனால் மதிப்பெண் போடும்போது 12 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். கடுங்குளிர் வாசனையை அடக்கிக் குறைகளை மூடிவிடும். சிவப்பு 15 முதல் 17 டிகிரி. அறை 30 டிகிரி சுடும் ஊரில் ‘அறை வெப்பத்தில் பரிமாறவும்’ என்ற அறிவுரை செல்லாது. ஆல்கஹால் மூக்கில் ஏறிப் பழத்தை விழுங்கிவிடும். பாட்டிலை ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். அவசரமென்றால் பனிக்கட்டியும் தண்ணீரும் பாதிப் பாதி கலந்த வாளியில் சிவப்புக்கு 10 நிமிடம், வெள்ளைக்கு 20 முதல் 25 நிமிடம். வெறும் பனிக்கட்டியில் வைத்தால் இன்னும் நேரம் பிடிக்கும், ஏனென்றால் கட்டிகளுக்கு இடையே காற்று நிற்கிறது.

முதல் சுற்று: ஒயின் மட்டும்

வெள்ளை முதலில், பிறகு சிவப்பு. ஒரு மணி நேரம் முன்பிருந்து காபி, பற்பசை, வெற்றிலை கூடாது. தண்ணீரும் உப்பில்லாத ரொட்டியும் பக்கத்தில் இருக்கட்டும். துப்புவதற்கு ஆளுக்கொரு பெரிய கப் வையுங்கள். விழுங்கிக்கொண்டே போனால் ஐந்தாவது ஒயின் எல்லாருக்கும் பிடித்துப்போகும்.

கிளாஸைச் சுழற்றாமல் ஒருமுறை முகருங்கள், சுழற்றிவிட்டு ஒருமுறை. முதலில் தேட வேண்டியது கோளாறு. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்து பழம் அமுங்கிக் கிடந்தால் அது கார்க் வழியாக வந்த டிரைகுளோரோஅனிசோல் என்ற வேதிப்பொருள். அந்த பாட்டிலுக்கு மதிப்பெண் போடாமல் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். உலகின் கார்க்கில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகலில் விளைவதால் அங்கே மலிவு பாட்டில்களிலும் கார்க் சாதாரணம். வெட்டி வைத்த ஆப்பிள் பழுப்பேறியது போன்ற வாசனை வந்தால் காற்றுப் பட்டுக் கெட்டது. நெயில் பாலிஷும் காடியும் சேர்ந்த நெடி பாக்டீரியாவின் வேலை. குதிரை லாயமும் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியும் நினைவுக்கு வந்தால் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட். அழுகிய முட்டை வாசனை மட்டும் சரியாகக்கூடும். தேய்த்துக் கழுவிய செம்புக் கரண்டியால் கிளாஸைச் சில வினாடி கலக்குங்கள். கந்தகம் செம்போடு சேர்ந்து வாசனை போய்விட்டால் அந்த ஒயினைத் தொடரலாம். அடியில் கண்ணாடித்தூள் போல் மின்னுவது டார்டாரிக் உப்பு, பாதகமில்லை.

பிறகு ஒரு தேக்கரண்டி அளவு வாயில் எடுத்து எல்லாப் பக்கமும் படும்படி ஐந்து வினாடி உருட்டுங்கள். நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று பழைய படங்களில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம், எல்லாச் சுவையும் நாக்கெங்கும் தெரியும். எச்சில் எவ்வளவு ஊறுகிறது என்பது புளிப்பு. மேல்வரிசை ஈறு எவ்வளவு காய்ந்து இழுக்கிறது என்பது துவர்ப்பு. தொண்டையில் சூடு ஆல்கஹால். இனிப்பில்தான் ஏமாற்றம் அதிகம்: பழ வாசனை தூக்கலாக இருந்தால் சர்க்கரையே இல்லாத ஒயினும் இனிப்பது போல் இருக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்கு குடியுங்கள். இனிப்பு மறைந்தால் அது வெறும் வாசனை. அப்படியே நின்றால் சர்க்கரை.

துப்பியதும் வினாடிகளை எண்ணுங்கள். ஐந்துக்குள் எல்லாம் மறைந்தால் சாதாரணம். பத்தைத் தாண்டி நல்ல சுவை நின்றால் இந்த விலைக்கு அது அபூர்வம். நிற்பது கசப்பு மட்டுமென்றால் எண்ணியது கணக்கில் சேராது.

மொத்தம் 20 மதிப்பெண்: வாசனைக்கு 4, புளிப்பும் துவர்ப்பும் சூடும் ஒன்றையொன்று தாங்குகின்றனவா என்பதற்கு 5, பின்சுவைக்கு 3, தட்டோடு 6, மறுநாள் 2. நிறத்துக்கு ஒன்றும் கிடையாது. அடர்த்தியான நிறம் தரத்தின் அடையாளம் என்ற எண்ணம் மலிவு சிவப்புகளை அநியாயமாக உயர்த்துகிறது. முதல் மூன்று எண்களையும் பேசாமல் எழுதி, தாளைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் சாப்பாடு வர வேண்டும்.

இரண்டாவது சுற்று: தட்டு

ஒரு வாய் உணவு, அது வாயில் இருக்கும்போதே ஒரு மடக்கு ஒயின், மறுபடி ஒரு வாய் உணவு. இரண்டாவது வாய் முதலாவதைவிட ருசித்தால் 5 அல்லது 6. ஒன்றும் மாறாவிட்டால் 3. கசப்போ உலோக ருசியோ சூடோ கிளம்பினால் 0 முதல் 2.

முதலில் உப்புப் போட்டுக் கரியில் சுட்ட மத்தி. லிஸ்பனில் ஜூன் மாதத் திருவிழாவின் உணவு. வின்யோ வெர்டேயின் புளிப்பு மீனின் கொழுப்பை அறுக்கும், மீனின் உப்பு ஒயினின் புளிப்பைத் தணிக்கும், இரண்டுமே மேலேறும். அதே மத்தியோடு அலென்டெஜோ சிவப்பைக் குடித்தால் வாயில் இரும்பும் கவிச்சியும் கிளம்பும். ஒயினில் உள்ள இரும்புச்சத்து மீன் எண்ணெயோடு சேர்வதால் வருவது அது. தனிச் சுற்றில் 10 வாங்கியிருந்தாலும் இந்தத் தட்டில் 1 போடத் தயங்காதீர்கள்.

அடுத்து பக்கல்யாவ் ஆ பிராஸ்: உப்புக்கண்டம் போட்ட காட் மீனை ஊறவைத்து உதிர்த்து, குச்சிக்குச்சியாகப் பொரித்த உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துக் கிளறியது. முட்டை வாயில் பூசிக்கொள்வதால் அரிந்தோவின் புளிப்பு இங்கே வேண்டியிருக்கிறது. லொரைரோ இதில் கொஞ்சம் மெலிந்து தெரியும்.

பாகாவுக்கு பைராடாவிலேயே பதில் இருக்கிறது: மொறுமொறுப்பாகச் சுட்ட பால்குடிப் பன்றிக்குட்டி. கிடைக்காவிட்டால் தோலோடு வறுத்த பன்றி வயிற்று இறைச்சி. கொழுப்பும் புரதமும் உப்பும் துவர்ப்பை வாங்கிக்கொள்ளும். தனியாக 5 வாங்கிய ஒயின் தட்டில் முழு 6 வாங்குவதை இங்கே பார்க்கலாம். வாத்துச் சாதத்துக்கு தாவோ.

கடைசியாக பிரி பிரி கோழி, அதாவது காரமான மிளகாய் தடவிச் சுட்டது. காரம் எரியும் வாயில் ஆல்கஹால் சூட்டைக் கூட்டும், துவர்ப்பு கரகரக்கும். அதனால் 14 சதவீத அலென்டெஜோ அடிவாங்கும். குளிர்ந்த, 10 சதவீதத்தை ஒட்டிய, துளி இனிப்புள்ள வின்யோ வெர்டே தப்பிக்கும். நம் சமையலுக்கும் இதே கணக்குதான். மிளகாயை நம் ஊருக்குக் கொண்டுவந்தவர்களே போர்த்துகீசியர்கள். எலுமிச்சை பிழிந்த மீன் வறுவலுக்கு லொரைரோ வையுங்கள். புளிக்குழம்பு மட்டும் சிக்கல்: புளியின் புளிப்பு ஒயினுடையதைவிட அதிகமாவதால், புளிப்பு குறைந்த சிவப்புகள் சப்பென்று ஆகிவிடும். அரிந்தோ ஒன்றுதான் ஓரளவு தாக்குப்பிடிக்கும். இனிப்புப் பலகாரத்தோடு இந்த ஆறில் எதையும் வைக்காதீர்கள். ஒயினைவிட உணவு இனித்தால் ஒயின் கசக்கும்.

மறுநாள்

மிச்சத்தை அதன் பாட்டிலுக்கே திருப்பி ஊற்றி மூடி, சிவப்பையும் சேர்த்து ஃபிரிட்ஜில் வையுங்கள். 24 மணி நேரம் கழித்து மறுபடி சுவையுங்கள். பழம் நின்றால் 2, மங்கியிருந்தால் 1, காடி அடித்தால் 0. வீட்டில் ஒரு பாட்டிலை இரண்டு நாள் வைத்துக் குடிப்பவர்களுக்கு இந்த இரண்டு மதிப்பெண்ணும் பெரிது. வின்யோ வெர்டேயின் வாயு போய்விட்டிருக்கும். அதற்காகக் குறைக்காமல் வாசனையை மட்டும் பாருங்கள்.

எல்லாம் கூட்டிய பிறகு விலையைத் திறங்கள். மதிப்பெண்ணை விலையால் வகுக்கும் பழக்கம் வேண்டாம்: 3 யூரோவுக்கு 11 வாங்கிய ஒயின் 6 யூரோவுக்கு 17 வாங்கியதை அந்தக் கணக்கில் தோற்கடித்துவிடும், குடிக்கும்போது அப்படி இருக்காது. 3–5 யூரோ ஒரு வரிசை, 5–7 இன்னொரு வரிசை என்று பிரித்து, வரிசைக்குள்ளேயே ஒப்பிடுங்கள். 16-ம் அதற்கு மேலும் வந்ததைப் பெட்டியாக வாங்கலாம். 13 முதல் 15 வரை வந்ததற்குப் பக்கத்தில் எந்த உணவோடு 6 வாங்கியது என்று எழுதி, அந்த உணவு சமைக்கும் நாளுக்கு மட்டும் வாங்குங்கள். 10-க்குக் கீழே போன சிவப்பில், கார்க் கோளாறு இல்லாத பட்சத்தில், ஆறு பல் பூண்டு, பிரியாணி இலை, உப்பு சேர்த்து ஒரு கிலோ பன்றி இறைச்சியை இரவு முழுக்க ஊறவையுங்கள்; அதை வறுக்கும் நாளில் தாவோ பாட்டிலைத் திறக்கலாம்.