"வயசானா வாய் இப்படித்தான்" என்று விட்டுவிடுவதால் வரும் தவறுகள்

வாய் வறள்கிறது, நாக்கு எரிகிறது, பல் ஆடுகிறது. எதைச் சொன்னாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "வயசாயிடுச்சுல்ல!" வயதாக ஆக வாயின் திசுக்கள் மாறுவது உண்மைதான். ஆனால் அந்த மாற்றங்களில் பல, தொல்லை தராதவை. தொல்லை தருபவற்றுக்கு அநேகமாக வேறு காரணம் இருக்கும்.

வாய் வறட்சியையே எடுத்துக்கொள்வோம். வயது கூடும்போது உமிழ்நீர்ச் சுரப்பிகளில் எச்சிலைச் சுரக்கும் செல்கள் குறைந்து, அந்த இடத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் சேர்கின்றன. அப்படியிருந்தும், உடல்நலம் உள்ளவருக்குக் காதுக்கு முன்னால் இருக்கும் பெரிய சுரப்பி, மெல்லும் நேரத்தில் கிட்டத்தட்ட பழைய அளவே சுரக்கும். அதனால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, தண்ணீர் இல்லாமல் உணவு இறங்கவில்லை என்றால் முதலில் மாத்திரை டப்பாவைத்தான் பார்க்க வேண்டும். சிறுநீர் பெருக்கி மாத்திரை, மன அழுத்தத்துக்கான மாத்திரை, அலர்ஜி மாத்திரை, சிறுநீர்க் கசிவுக்கான மாத்திரை எல்லாமே வாயை உலர்த்தக்கூடியவை. இரண்டு மூன்று சேர்ந்தால் இன்னும் மோசம். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். முழுப் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டி, மாற்று மருந்தோ அளவுக் குறைப்போ முடியுமா என்று கேளுங்கள்.

வறட்சிக்கு நாள் முழுக்கப் புளிப்பு மிட்டாய் சப்புவது இன்னொரு பெரிய தவறு. எச்சில் ஊறுவது என்னவோ நிஜம்தான். ஆனால் சர்க்கரையும் அமிலமும் சேர்ந்து பல்லை அரிக்கும். பல்லின் மேல்பூச்சான எனாமல் கரையத் தொடங்குவது வாயின் பி.எச். 5.5 அளவுக்கு இறங்கும்போது (இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும்). பல்லின் வேர்ப்பகுதிக்கு அவ்வளவு அமிலம் தேவையில்லை, 6.5-ஐ ஒட்டியே கரையத் தொடங்கிவிடும். ஈறு இறங்கி வேர் தெரியும் வாயில் மிட்டாய் என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்த, சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம். அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கலாம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம், அது இன்னும் உலர்த்தும்.

"வலிக்கலையே, அப்புறம் எதுக்கு டாக்டர்?" என்பதுதான் இந்த வயதில் அதிகம் ஏமாற்றும் கேள்வி. பல்லின் உள்ளே, எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் என்ற கெட்டியான அடுக்கு ஆயுள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்துகொண்டே இருக்கிறது. நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் அறை சுருங்குகிறது, நரம்பிழைகளும் குறைகின்றன. இருபது வயதில் ஐஸ் தண்ணீர் பட்டாலே துள்ள வைத்த பல், எழுபதில் சொத்தை ஆழமாக இறங்கினாலும் பேசாமல் இருக்கும். வேர்ச் சொத்தையைக் கண்ணாடியில் நீங்களே தேடலாம். ஈறு முடியும் கோட்டை ஒட்டி, பளபளப்பு இல்லாத மஞ்சள் அல்லது பழுப்புத் திட்டு தெரியும். அது குழியாக இறங்குவதைவிடப் பல்லைச் சுற்றி வளையம்போலப் பரவும். வலியே இல்லாமல் ஒருநாள் எதையோ கடிக்கும்போது பல் கழுத்தோடு ஒடிந்து கையில் வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை செய்துகொண்டால் அந்தத் திட்டு ஆரம்பத்திலேயே கண்ணில் படும். ஏற்கெனவே சொத்தை உள்ளவர்களுக்கு, வழக்கமான 1,000 முதல் 1,450 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஃபுளோரைடு பேஸ்ட்டுக்குப் பதிலாக 5,000 பி.பி.எம். பேஸ்ட்டைப் பல் மருத்துவர் எழுதித்தரலாம்.

ஈறு இறங்குவதையும் வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அதன் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஈறு நோய், அல்லது கடினமான பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்த பழக்கம். மென்மையான பிரஷ்ஷைப் பேனா பிடிப்பதுபோலப் பிடித்து, ஈறுக் கோட்டில் 45 டிகிரி சாய்த்து, இரண்டு நிமிடம் தேய்த்தால் போதும். நுரையைத் துப்பிவிட்டு, உடனே தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். கொப்பளித்தால் ஃபுளோரைடும் அதோடு போய்விடும்.

வாயின் உட்சவ்வு வயதாக ஆக மெலிந்து, நெகிழ்வு குறைகிறது. சூடு பட்டால் சீக்கிரம் பொத்துப்போகும், ஆற நாளாகும். ஆனால் "நாளாகும்" என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. இரண்டு வாரத்தில் ஆறாத புண், தேய்த்தால் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, குறிப்பாக நாக்கின் ஓரத்திலோ அடியிலோ இருந்தால், களிம்பு தடவிக் காலம் கடத்தாமல் காட்டிவிடுங்கள். தேவைப்பட்டால், புற்றுநோயா என்று பார்க்கச் சிறிது திசுவை எடுத்து பயாப்ஸி செய்வார்கள். புகையிலைப் பழக்கம் இருந்தவர் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. இதற்கு நேரெதிரான பயமும் உண்டு. நாக்குக்கு அடியில் ஊதா நிறத்தில் புடைத்துத் தெரியும் ரத்தக்குழாய்களைப் பார்த்துப் பதறுகிறார்கள். அவை சுருண்ட சிரைகள், வயதோடு வருபவை, ஒன்றும் செய்யாது. நாக்கின் மேல்புறம் சொரசொரப்பு போய் வழுவழுவென்று சிவந்திருந்தால் அது வேறு கதை. பி12 அல்லது இரும்புச் சத்துக் குறைவு இருக்கலாம், ரத்தப் பரிசோதனை தேவை. சர்க்கரை நோய்க்காகப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது தெரிந்த விஷயம்.

பல் செட் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள் தனி ரகம். பல் போன இடத்தில் தாடை எலும்பு கரைந்துகொண்டே போகும், முதல் வருடத்தில் வேகமாக. செட் அப்படியே இருக்கிறது, அடியில் உள்ள மேடுதான் தேய்ந்துவிட்டது. ஒட்டும் பசையை மேலும் மேலும் பூசினால் அது சரியாகாது, உள்பக்கத்துக்குப் புது அடுக்கு போட வேண்டும். ராத்திரியும் செட்டோடு தூங்கினால் அண்ணத்தில் கேன்டிடா பூஞ்சை வளர்ந்து, செட் அமரும் அளவுக்கே அச்சு எடுத்ததுபோலச் சிவந்திருக்கும். கழற்றி, சோப்பும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவி, சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். கொதிநீர் அதை வளைத்துவிடும், பற்பசை கீறல் போடும். வாயோரம் வெடித்தால் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை வாங்குவது வழக்கம். தேய்ந்த செட்டால் வாய் அதிகமாக மூடி, ஓரத்தில் எச்சில் தேங்கிப் பூஞ்சை பிடித்த வெடிப்பாக இருந்தால், அந்த மாத்திரை ஒரு பயனும் தராது.

பல் பிடுங்கும் முன், எலும்புத் தேய்வுக்கு அலெண்ட்ரோனேட் மாத்திரையோ ஜோலெட்ரோனிக் அமில ஊசியோ போட்டிருந்தால் சொல்ல மறக்காதீர்கள். ஊசி போட்டு மாதங்கள் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள். இம்மருந்துகள் எலும்பில் நீண்டகாலம் தங்கும். அரிதாக, பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரிந்து அழுகுவது உண்டு. முடிந்தால் பல் வேலைகளை முடித்துவிட்டு அந்த மருந்தைத் தொடங்குவது நல்லது. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை, பல் பிடுங்கப்போகிறோமே என்று நீங்களாக நிறுத்துவது இன்னும் ஆபத்து. ரத்தக் கசிவைப் பஞ்சும் தையலும் போட்டு நிறுத்திவிட முடியும், மூளையில் அடைப்பு வந்தால் அப்படி முடியாது.