ஏரியைத் தூர்வாரும் முன் அதன் பழைய ஒழுங்கை அறிவது எப்படி?

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் (ஊரின் நிலங்களைப் புல எண்வாரியாகக் குறித்த பதிவேடு) கிராம வரைபடத்தையும் பாருங்கள். ஏரி, அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால், மேய்ச்சல் நிலம் எல்லாமே அங்கு 'புறம்போக்கு' (வரி விதிக்கப்படாத பொது நிலம்) என ஒரே தலைப்பில் இருக்கும். நிலத்தை வரியால் அளந்த ஆங்கிலேய வருவாய்த் துறையின் பார்வை அது. சென்னை மாகாணத்தில் ஏரி, கால்வாய்களைப் பராமரிக்க ஊரார் கூடி வழக்கமாகச் செய்துவந்த குடிமராமத்தையும் 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டத்துக்குள் அடக்கியது அதே ஆட்சிதான்.

அடுத்து, வயல்களுக்கு நீரைப் பங்கிட்டுவிடும் நீர்க்கட்டியாக இருந்த முதியவர் ஒருவருடன் கரைமேல் நடந்து, நீர் எந்த மட்டத்துக்கு இறங்கியதும் முறைவைத்து நீர் பாய்ச்சும் முறைப்பாசனம் தொடங்கியது, உபரி நீர் வழியும் கலிங்கின் மேல் நட்ட கற்களுக்கிடையே எப்போது மண்ணும் பலகையும் இட்டு நீரை உயர்த்தினார்கள் என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் சொல்வதும் வரைபடமும் முரண்பட்டால், எல்லைக்கு வரைபடத்தையும் நீரோட்டத்துக்கு அவரையும் நம்புவதே என் வழக்கம். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே மட்டும் தோண்டவிடாதீர்கள். அங்கே தேங்கும் நீர் மடை வழியே வயலுக்குப் பாயாது.